கதவில்லாத வண்டிகள்

முதலில் ஒரு விடுகதை. விடையைச் சொல்லிவிட்டுக் கதைக்குள் வாருங்கள்.

நாள் முழுக்க ஓடும், ஓர் ஊருக்கும் போய்ச் சேராது. சுவரில் மோதும், சுவருக்கு வலிக்காது. தீப்பிடிக்கும், கரி ஒட்டாது. செத்துக் கிடக்கும்போது ஒரு காசு போட்டால் எழுந்து ஓடும். அது என்ன?

வீடியோ கேமில் ஓடுகிற கார் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரியான விடைதான். எந்த ஊரிலும் அதற்குக் கைதட்டல் கிடைக்கும், பைபாஸ் ரோட்டில் மேம்பாலம் இறங்குகிற இடத்திலிருக்கும் இரும்புப் பிரிவில் மட்டும் கிடைக்காது. அங்கே போய் இதைக் கேட்டால் பெண்கள் தாலிச் சரட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆண்கள் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்த நம்பர் வண்டியைக் கேட்கிறீர்கள் என்பார்கள்.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் மோதி நசுங்கிய லாரியும் பஸ்ஸும் காரும் வேனும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயில் காய்ந்து, மழை குடித்து, யாருக்கும் வேண்டாததாகிப் போன பிறகு கடைசியாக வந்து சேர்கிற இடம்தான் இரும்புப் பிரிவு. அங்கே வண்டியை ஓட்டத் தெரிந்தவர்களைவிட உடைக்கத் தெரிந்தவர்கள் அதிகம். சம்மட்டி உடைக்கும், கடப்பாரை நெம்பும், கேஸ் கட்டரின் நீல நெருப்பு அறுக்கும், காலையில் பஸ்ஸாக இருந்தது பொழுது சாய்வதற்குள் தகடாகவும் கம்பியாகவும் பிரிந்து தனித்தனிக் குவியலாகிவிடும். பொன்னுரங்கத்தின் பட்டறையில் கட்டர் பிடிப்பவர் மாரப்பன். அவருடைய மகள் பவளக்கொடிக்குப் பதினொரு வயது. ரோட்டில் போகிற வண்டிகளை அவளும் பார்த்திருக்கிறாள்தான், ஆனால் தொட்டுப் பழகியதெல்லாம் மோதியவற்றை மட்டுமே. ஆகவே கத்தரிக்காய் காய்ப்பதற்காக இருக்கிறது என்பதுபோல வண்டி மோதுவதற்காக இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

மோதிய வண்டியில் செத்தவர்களுக்குத் தாங்கள் செத்த விஷயம் உடனே தெரிவதில்லை என்பது அந்தப் பிரிவில் எல்லோரும் அறிந்தது. வண்டி நின்றுவிட்டது, ஊர் இன்னும் வரவில்லை என்று எண்ணிக்கொண்டு அவர்கள் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கட்டரைப் பற்றவைப்பதற்கு முன்னால் கதவில் மூன்று முறை தட்டி, "இறங்கியாச்சுங்களா?" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் இறங்கிப் போய்விட்டார்கள் என்று பொருள். பதில் வந்தால் என்ன செய்வது என்பதும் முறையில் இருந்தது. உயிரோடு இருப்பவர் என்றால் எப்போதோ இறங்கிப் போயிருப்பார். பதில் சொல்வது இறங்க வழி தெரியாத ஆவி. அதற்குப் பால் ஊற்றிக் கற்பூரம் காட்டி, தாமதிக்காமல் வண்டியை அறுத்து வழிவிட வேண்டும். மாரப்பனின் அப்பாவும் கேட்டார், மாரப்பனும் கேட்டார், அதுவரைக்கும் எந்த வண்டியும் பதில் சொன்னதில்லை.

நகரத்தில் எங்கோ மூடிப்போன விளையாட்டுக் கூடத்தின் சாமான்களோடு அந்த மிஷின் ஒருநாள் லாரியில் வந்து இறங்கியது. ஆள் உட்கார ஒரு சீட், முன்னால் ஸ்டீயரிங், காலடியில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும், எதிரே அலமாரி அகலத்துக்கு ஒரு திரை. மாரப்பன் வழக்கப்படி அதையும் மூன்று தட்டு தட்டி இறங்கியாச்சுங்களா என்று கேட்டார். பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே ஒயரை இழுத்து பிளக்கில் சொருகினார். திரை விழித்துக்கொண்டது. முட்டை வடிவத்தில் ஒரு சாலை தெரிந்தது, சுற்றிலும் வெள்ளைச் சுவர், பக்கவாட்டில் ஆள் உயர நம்பர் எழுதிய கார்கள் மந்தை மந்தையாக இடப்பக்கமே திரும்பித் திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தன. இதை அறுக்க வேண்டாம், டீக்கடை ஓரத்தில் போடு என்றார் பொன்னுரங்கம்.

பிரிவுக்கு வந்து போகிற லாரி டிரைவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்துத் தோற்றார்கள். ஒருவர் ஹாரன் எங்கே என்று தேடினார். ஒருவர் பின்னால் வந்த காருக்குக் கையை நீட்டி வழிவிட்டார். எல்லோருக்கும் வளைவு வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

பவளம் சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தால்தான் கால் எட்டும். எட்டிய கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழவில்லை. முன்னால் போன நீல வண்டியைப் பின்னாலிருந்து ஓர் இடி இடித்தாள், பக்கத்தில் போய் இன்னொரு இடி, சுவரோடு சேர்த்து வைத்து மூன்றாவது இடி. நீல வண்டி குப்புறக் கவிழ்ந்து, தகரம் கிழியக் கிழிய உருண்டு, தீப்பிடித்துத் திரையை விட்டுப் போனது.

அதே நேரத்தில் பட்டறையின் பின்பக்கத்துக் காலி நிலத்தில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார்கள். நசுங்கிய பஸ் கூடுகளின் மேல் அந்த நீல வண்டி குப்புறக் கிடந்தது. இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"யாரு லோடு?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

யாருடைய லோடும் இல்லை. வாட்ச்மேன் கேட் வழியாக எதுவும் வரவில்லை என்றார். பொன்னுரங்கம் வண்டியைச் சுற்றி வந்து, டயரைத் தடவி, "மொட்ட டயரு. இத ஓட்டிட்டு வந்தவன் எத்தன பெரிய கஞ்சனா இருப்பான்" என்றார். மாரப்பனுக்கு வேறு ஒரு விஷயம்தான் உறுத்தியது. வண்டிக்குக் கதவு இல்லை. கதவு மாதிரி வரைந்திருந்தது, கைப்பிடி இல்லை, கீல் இல்லை, தகடு ஒரே தகடாக இருந்தது. சன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக நாடாவில் பின்னிய வலை. எங்கே தட்டுவது என்று யோசித்து, கடைசியில் கூரையில் தட்டிக் கேட்டார். பதில் வரவில்லை. உள்ளே யாரும் இல்லை. அறுத்தார்கள்.

அன்றிலிருந்து பவளம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மிஷினில் உட்கார்வதும், பின்னால் நிலத்தில் வண்டிகள் விழுவதும் பிரிவின் வேலைகளில் ஒன்றாகிப் போயிற்று. ஐந்தாறு குடும்பங்கள் அதை நம்பி வந்து சேர்ந்தன. விழுகிற நேரம் பார்த்து ஆடு மாடுகளை ஓட்டிக் கட்டினார்கள், அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்தினார்கள். ஒருநாள் ஒரு பச்சை வண்டி பறந்து போய்ப் பக்கத்துப் பட்டறைச் சுவரின் மேல் பாதிக்குப் பாதி விழுந்தது. முன்பாதி எங்களுக்கு என்று அவர்களும், புள்ள இடிச்சது முழுசும் எங்களுக்கு என்று இவர்களும் கடப்பாரையோடு நின்றார்கள். பேச்சு வளர்ந்து கை நீண்டு, இரண்டு பட்டறையும் அந்த வண்டிக்குள்ளும் வெளியிலும் கிடந்து அடித்துக்கொண்டதில் ஒருவனுக்கு மணிக்கட்டு ஒடிந்தது, ஒருவனுக்குக் காது அறுந்தது, வண்டி நடுவில் அறுபட்டு இரண்டு பக்கமும் போனது. சாயங்காலம் எல்லோரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து, காது அறுந்தவனுக்கு முதல் டீ கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பவளம் விளையாடும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்று, "சாத்து அம்முணி, உடாத, செவுத்தோட வெச்சுத் தேயி" என்று கத்துவது வழக்கமாயிற்று. அவளுக்கும் அது பிடித்திருந்தது. இடிக்கும்போது பல்லைக் கடிப்பாள். கனவிலும் கால் மிதிக்கும்.

ஒரு பந்தயம் ஜெயித்தால் அடுத்த பந்தயம் திறக்கும், திறக்கத் திறக்கத் திரையில் படம் துலங்கும். முதல் பந்தயத்தில் சக்கரமே சதுரமாகத்தான் இருந்தது. மூன்றாவதில் வண்டியின் மேல் அழுக்கும் கீறலும் தெரிந்தன. நான்காவதில் வலைக்குப் பின்னால், அதுவரை வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், ஒரு ஹெல்மெட் தெரிந்தது. பவளம் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அறுபத்தொன்றாம் நம்பர் சிவப்பு வண்டியை இடித்தாள்.

மாரப்பன் கூரையில் மூன்று தட்டு தட்டி, "இறங்கியாச்சுங்களா?" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. புரியாத பாஷை. ஒரு தடவை சொல்லி நிற்காமல் உரத்த குரலில் மேலே மேலே வந்தது. எல்லோரும் நாலடி பின்னால் போனார்கள். மாரப்பன் மட்டும் நகரவில்லை, கேட்டவர் அவரல்லவா. வலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கை வெளியே வந்தது, உறை போட்ட கை, காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது.

"பாலுக்குச் சொல்லுங்க" என்றார் பொன்னுரங்கம்.

பெரியவர்களின் இடுக்கில் புகுந்து வந்த பவளம் அந்தக் கையைத் தொட்டாள். அது அவளுடைய இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அப்பா, கை சூடா இருக்குது."

"வண்டியே சூடாத்தான கண்ணு இருக்குது" என்றார் மாரப்பன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவளை விடுவித்தார்.

"கதவே இல்லீங்களேப்பா. எப்பிடி இறங்குவாரு?"

"அதுக்குத்தான அறுக்கறது. தள்ளி நில்லு."

பால் வந்தது. கூரையில் ஊற்றினார்கள், அது சூட்டில் பொங்கிச் சன்னல் வழியாக வழிந்தது. கற்பூரம் காட்டினார்கள். மாரப்பன் கட்டரைப் பற்றவைத்து, ஆவிக்கு வழிவிடுகிற அவசரத்தில் எப்போதும் பார்க்கிற பெட்ரோல் டேங்கைப் பார்க்காமல் கூரையில் நெருப்பை வைத்தார். வண்டி பற்றிக்கொண்டது. உள்ளே குரல் ஏறியது, ஏறி ஒரே நீட்டாக ஒலித்தது, பிறகு நின்றுபோயிற்று. "போயிட்டாருங்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆறிய பிறகு உள்ளே இருந்ததை எடுத்து, குறையில்லாமல் அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் வண்டி எரிந்த இடத்தில் கரித்துண்டும் சாம்பலும் அள்ளி, பால் தெளித்து, ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்குச் செய்வதுபோலப் பொன்னுரங்கமே முன்னின்று காரியம் செய்தார். ஸ்டீயரிங்கை அறுத்தெடுத்துப் புதைத்த மேட்டின் மேல் நட்டு மஞ்சள் துணி கட்டினார்கள். அறுபத்தொண்ணு ஐயன் என்று பெயர் வந்தது. பிரேக் பிடிக்காத லாரிக்காரர்கள் அங்கே வேண்டிக்கொண்டால் பிடித்தது.

சிவப்பு வண்டி எரிந்த அன்று ராத்திரி பவளம் சாப்பிடவில்லை. அம்மா சரசாள் தட்டை முன்னால் தள்ளினாள்.

"ஆவிக்கு எதுக்கும்மா ரத்தம்? கீழ மண்ணெல்லாம் ரத்தமா இருந்துச்சு."

"அதயெல்லாம் நீயெதுக்குப் பாத்த?"

"நான் இனிமே உக்கார மாட்டேன்."

சரசாள் மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்: "கேளு கண்ணு. அதுக அந்த டப்பாக்குள்ள எத்தன வருசமாச் சுத்துதுகளோ. ஊரு இல்ல, ஊடு இல்ல, நிக்கறதுக்கு ஒரு நெழலு இல்ல, சுத்துனதயே சுத்திக்கிட்டுக் கெடக்குதுக. நீ இடிச்சாத்தான் இங்க வந்து சேருதுக. உங்கப்பா வழி உடறாரு. பாவமில்ல சாமி, இது புண்ணியம்."

பிரிவு முழுக்க அப்படித்தான் சொன்னது. கோடித் துணி நெய்து கொடுக்க ஒருவர் வந்தார். பால்காரர் இன்னொரு எருமை வாங்கினார். பவளம் மறுபடி உட்கார்ந்தாள். இருபத்தெட்டாம் நம்பரை இடித்தாள், ஐம்பதை இடித்தாள், இன்னும் சிலவற்றை இடித்தாள். ஒவ்வொன்றிலும் கேட்டார்கள், ஒவ்வொன்றிலும் பதில் வந்தது. ஒருவன் அழுதான், ஒருவன் பாடுவதுபோல எதையோ முணுமுணுத்தான், ஒருவன் உள்ளேயிருந்து கூரையில் மூன்று தட்டு திரும்பத் தட்டினான். பால் ஊற்றி அறுத்தார்கள். சில வண்டிகள் பற்றிக்கொண்டன, சிலவற்றில் கட்டரின் நெருப்பே போதுமாயிருந்தது. அந்தத் திரும்பத் தட்டிய சத்தம் மட்டும் பவளத்தின் காதில் தங்கிவிட்டது. வழி கேட்கிறவன் அப்படித் தட்ட மாட்டான், கதவைத் திற என்கிறவன்தான் தட்டுவான் என்று அவளுக்குத் தோன்றியது. இதை அப்பாவிடம் சொன்னாள். மாரப்பன் மகளைப் பார்க்காமல் கட்டரின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "கேக்கறதுதான் நம்ம வேல கண்ணு. பதிலுக்கு அர்த்தம் பாக்கறது மொதலாளி வேல" என்றார்.

கடைசிப் பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் திறந்தது. சாலையில் இரண்டே வண்டிகள். ஒன்று பவளத்தின் மஞ்சள் வண்டி, முன்னால் பன்னிரண்டாம் நம்பர் கறுப்பு வண்டி. திரை கண்ணாடிபோலத் துலங்கியது; வலைக்குப் பின்னால் ஹெல்மெட்டும், ஹெல்மெட்டுக்குள் திரும்பித் திரும்பிப் பார்க்கிற இரண்டு கண்களும் தெரிந்தன. பிரிவு மொத்தமும் முதுகுக்குப் பின்னால் நின்றது. பாலை முன்கூட்டியே காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார்கள். பொன்னுரங்கம் சீட்டின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பவளத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது. இடித்தால்தான் ஜெயிக்கலாம் என்று எந்தப் பந்தயத்திலும் இல்லை. முந்திப் போனாலும் ஜெயிக்கலாம். முந்திப் போய்விட்டால் விளையாட்டு முடிந்துவிடும், முடிந்துவிட்டால் யாரும் விழ மாட்டார்கள், யாரும் விழாவிட்டால் அப்பா யாரையும் கேட்க வேண்டியதில்லை. கறுப்பு வண்டியின் உள்பக்கமாக, ஒரு விரல் இடைவெளியில், தொடாமல் ஏறினாள்.

"சாத்து" என்றது கூட்டம்.

சாத்தவில்லை. கடைசி வளைவு தெரிந்தது. மூக்குக்கு மூக்கு வந்தாயிற்று.

"என்ன அம்முணி, கொஞ்சிக்கிட்டிருக்கற?" என்றார் பொன்னுரங்கம். அவள் காலைத் தளர்த்தி வழிவிடுவதாக நினைத்துக்கொண்டு, தன் பட்டறைச் செருப்புக் காலை அவள் வெறுங்காலின் மேல் வைத்து ஆக்ஸிலேட்டரோடு சேர்த்து மிதித்தார். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவள் கத்துவதற்குள் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலது பக்கம் ஒடித்தார். மஞ்சள் வண்டி கறுப்பு வண்டியின் விலாவில் ஏறியது, சுவரோடு வைத்து அரைத்தது, அது நாலு முறை உருண்டு போய்த் திரையை விட்டு மறைந்தது. பின்னால் தொம்மென்றது.

திரையில் வாணவேடிக்கை வெடித்தது, ஒரு தங்கக் கோப்பை சுழன்றது. இதுவரை யாரும் பார்க்காத படம் என்பதால் கூட்டம் வாய் பிளந்து அங்கேயே நின்றது. பவளம் சீட்டிலிருந்து சரிந்து இறங்கி, ரத்தம் ஒழுகுகிற காலை இழுத்துக்கொண்டு பின்பக்க நிலத்துக்கு ஓடினாள்.

கறுப்பு வண்டி சக்கரம் மேலே பார்க்காமல் நேராகவே கிடந்தது, முன்பாகம் மட்டும் சீட்டு வரைக்கும் உள்ளே போயிருந்தது. வலையைப் பல்லால் கடித்து அவிழ்த்துச் சன்னல் வழியாகத் தலையை நுழைத்தாள். பெரிய ஆள் நுழைய முடியாத அளவுக்கு அது நசுங்கியிருந்தது. அவள் நுழைந்தாள். உள்ளே ஒருவன் வார்களால் கட்டுண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு காலும் முட்டிக்குக் கீழே தகட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. ஹெல்மெட்டின் கண்ணாடியை அவள் தூக்கிவிட்டாள். மீசை அரும்பிய முகம், வேர்த்திருந்தது, உதடு கிழிந்திருந்தது. அவன் ஏதோ கேட்டான். "எனக்குப் புரியலீங்" என்றாள் பவளம். பெட்ரோல் வாடை அடித்தது. அவன் அவளுடைய தோளைப் பிடித்துச் சன்னல் பக்கம் தள்ளினான், வெளியே போ என்பதற்கு எல்லாப் பாஷையிலும் கை ஒன்றுதான். அவள் போகவில்லை. அவனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவிலிருந்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

வெளியே காலடிகள் வந்து சூழ்ந்தன. கூரையில் மூன்று தட்டு.

"இறங்கியாச்சுங்களா?"

"இல்லப்பா" என்றாள் பவளம். "ரண்டு பேரு இருக்கறோம்."

சரசாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வருவது கேட்டது. "அது என்ற புள்ள. என்ற புள்ளைங்க அது."

"குரலு உன்ற புள்ளையோடதுதான் சரசு, இல்லைங்கல" என்றார் பொன்னுரங்கம். "ஆனா கேட்டதுக்குப் பதில் வந்துருச்சே."

மாரப்பன் முழங்காலிட்டுச் சன்னலுக்குள் கையை விட்டார். மகளின் கன்னத்தைத் தொட்டார். "சூடா இருக்குதுங்ணா" என்றார்.

"வண்டியுந்தான் சூடா இருக்குது மாரப்பா."

மாரப்பன் கையை உள்ளேயே வைத்திருந்தார். அவருடைய மற்றக் கையிலிருந்த கட்டரைப் பொன்னுரங்கம் பதமாக வாங்கிக்கொண்டார். அவர் குரலில் கோபமில்லை, காரியத்தில் முன்னிற்பவரின் பொறுமைதான் இருந்தது. "இதுல சண்டையென்ன. உசுரோட இருக்கறவங்க இறங்கிருவாங்க. புள்ளைய இறங்கச் சொல்லு. இறங்கிட்டா உன்ற புள்ள, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போடு. இறங்கலைன்னா ரண்டு சொம்பாப் பாலு ஊத்தறோம்."

கூட்டத்தில் எல்லோரும் அது நியாயம் என்றார்கள். காது அறுந்தவன்கூட நியாயம் என்றான்.

"வா சாமி" என்றார் மாரப்பன். "அப்பா கையப் புடிச்சுக்க. மெல்ல, தலைய மொதல்ல உடு."

"நான் வந்துட்டா இவர என்ன பண்ணுவீங்க?"

மாரப்பன் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கட்டர் பற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. கூரையில் ஊற்றிய முதல் சொம்புப் பால் சன்னல் ஓரமாக வழிந்து, பவளத்தின் தோளில் சொட்டியது. உள்ளே இருந்தவன் இரண்டு உள்ளங்கையையும் அவளுடைய முதுகில் வைத்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி வெளியே தள்ளினான். அப்பாவின் விரல்கள் அவளுடைய விரல்களைத் தொட்டன.

பவளக்கொடி இறங்கவில்லை.